செய்யதம்மாளின் ரெட்டைச் சடை

மூக்கு நுனி அரித்தது. சொறிந்துகொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் செய்யதம்மாள் இந்த நேரத்தில் மூக்கைச் சொறிவாளா என்று ஒரு யோசனை வந்து ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து அவள் ஹெப்சிபா இல்லை. பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கும் மேலாக நர்சிங் பிள்ளைகளை மிரட்டி மேய்த்துவரும் ஹெப்சிபா மேடத்தைச் செய்முறைக் கூடத்து வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு, மேலப்பாளையத்துச் செய்யதம்மாளாக, வயது ஐம்பது, பித்தப்பையில் கல், இன்னும் சற்று நேரத்தில் ஆபரேஷன் என்று ஜன்னலோரக் கட்டிலில் முக்காடு போட்டுப் படுத்திருக்கிறாள். மூன்றாம் வருஷப் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். நகைகளைக் கழற்றி வைத்து, நடக்கப்போவதை விளக்கி, தலைமுடியை ரெட்டைச் சடையாகப் பின்னி, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியால் முடிந்து, செய்யதம்மாளை ஆபரேஷன் தியேட்டருக்குத் தயார் செய்ய வேண்டும். வேலைக்குக் கொஞ்சம் மார்க். அந்த வேலையை நோயாளியின் வழக்கமும் நம்பிக்கையும் கூச்சமும் அறிந்து செய்கிறார்களா என்பதற்குத்தான் நிறைய மார்க். ‘பண்பாடு என்றால் என்ன, வரையறுக்கவும்’ என்று ஐந்து மார்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கல்லூரியில் இப்படியொரு பரீட்சையைக் கண்டுபிடித்தவளே ஹெப்சிபாதான். அதற்குள் இன்னொரு பரீட்சை ஒளிந்திருந்தது. அதன் காரணம் அவளுக்கும், அவள் புருஷன் செல்வினுக்கும், டாக்டர் வசந்தகுமாரிக்கும் மட்டுமே தெரியும். ஹெப்சிபாவின் கர்ப்பப்பையில் கட்டி. பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, ஆனாலும் பையோடு எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை. கல்லூரியை ஒட்டிய சொந்த ஆஸ்பத்திரியிலேயே படுப்பதா, அல்லது ஒரு முகமும் தெரியாத மதுரைக்கு ஓடிப்போவதா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். இங்கே என்றால் கட்டிலைச் சுற்றி நிற்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான். இந்தக் கைகளை நம்பி உடம்பைக் கொடுக்கலாமா? ஒரே ஒரு ஆள் தேறினால் போதும், இங்கேயே இருந்துவிடலாம் என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்திருந்தாள். யாரும் தேறாவிட்டால் மதுரைதான். அப்படியானால் பெயிலானது பிள்ளைகளா, இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவளா என்ற கேள்வியைச் சாமர்த்தியமாக மதுரை பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தாள்.

டிங் என்று மணி அடித்தது. அடித்தது முப்புடாதி அக்கா. கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, பொம்மை நோயாளிகளுக்குக் கை கால் மாட்டிவைப்பவள். உண்மையில் செய்யதம்மாள் வேஷம் அவளுக்குத்தான் கொடுத்திருந்தது; ஒத்திகையில் யார் முக்காட்டைத் தொட்டாலும் கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி சிரித்துத் தொலைத்ததால் மணிக்கு மாற்றப்பட்டாள். வெளிக்கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் லில்லிபாய் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தது காவ்யஸ்ரீ, வகுப்பில் எப்போதும் முதல் மார்க். வந்ததும் வராததுமாக, “வணக்கம்மா, சாப்பிட்டீங்களா?” என்றாள். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவளிடம். சாப்பிட்டேன் தாயி, உளுந்த வடை ரெண்டு, காபி ஒன்று, ஆபரேஷனைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. நம் ஊர் வாய்க்கு யாரைப் பார்த்தாலும் அதுதான் முதலில் வரும், அதற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு அந்தச் சொல்லைக் கேட்டதும் உர்ரென்றது, ஏனென்றால் கீழே கேன்டீனில் நிஜமாகவே வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். காவ்யஸ்ரீ நிற்காமல் ஓடினாள். “கை கழுவிட்டேன்னு வச்சுக்கோங்க மேடம். திரை போட்டுட்டேன்னு வச்சுக்கோங்க. உங்க பண்பாட்ட மதிக்கிறேன்னு சொல்லி, முக்காட எடுக்கலாமான்னு அனுமதி கேட்டுட்டேன்னு வச்சுக்கோங்க.” அனுமதி கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள், சடை பின்னிவிட்டாய் என்று வைத்துக்கொள், ஆபரேஷன் முடிந்து நான் வீட்டுக்கே போய்விட்டேன் என்றும் வைத்துக்கொள். எந்தப் பாவி இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குப் பழக்கியது? பொம்மையை வைத்துக்கொண்டு, நேரமில்லை, சொன்னால் போதும், செய்ய வேண்டாம் என்று பழக்கியது யார்? கூரையில் மின்விசிறி டக் டக் என்று பதில் சொன்னது. ஹெப்சிபா மின்விசிறியின் பேச்சைக் கேட்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வலி ஊசி போடுகிற நேரத்தில் காவ்யஸ்ரீ வந்து, ஊசி போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்றால் என்ன கதி?

அடுத்து வந்த ஜெனிஃபா எதையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. சீப்பை ஓங்கியபடி வந்தாள். வெளித் தாழ்வாரத்தில் எலெக்ட்ரீசியன்கள் இரண்டு பேர் ஏணி பிடித்து நிற்க, ஜன்னல் ஆவென்று திறந்திருக்க, முக்காட்டைப் பின்னாலிருந்து ஒரே இழுப்பு. காற்று சில்லென்று உச்சியில் பட்டது. நடிப்புதான், தெரிந்தவள்தான், ஹெப்சிபா தினமும் திறந்த தலையோடு ஸ்கூட்டி ஓட்டுகிறவள்தான். ஆனாலும் அந்த ஒரு நொடி நெஞ்சு திக்கென்றது. அப்போதுதான் உறைத்தது, அந்த அம்மாவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வார்டில் நடந்தது. பார்வையாளர் நேரம், ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம். அவசரத்தில் ஒரு நர்ஸ், கெட்டவள் ஒன்றுமில்லை, வேலையில் கெட்டிக்காரி, அந்த அம்மாவின் முக்காட்டை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுச் சடை பின்ன உட்கார்ந்தாள். அந்த அம்மா கத்தவில்லை, திட்டவில்லை. பாதிச் சடையோடு எழுந்து, துணியைத் தலையில் போட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்ப வரவே இல்லை. ஹெப்சிபா படியிறங்கி ஆட்டோ நிற்குமிடம்வரை பின்னால் ஓடிப் பார்த்தாள். அந்த அம்மாவைத்தான் பெயர் மாற்றிச் செய்யதம்மாளாக எழுதியிருந்தாள். தலையைத் தொடும் முன் திரையை இழுத்துவிட்டுக் கேட்க வேண்டும்; அதுதான் இந்தப் பரீட்சையின் உயிர். ஜெனிஃபாவின் சடை என்னவோ அழகாகத்தான் விழுந்தது.

மூன்றாவது ஆளிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. எல்லாரும் உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் திரையைத்தான் இழுத்தார்கள். சக்கரம் வைத்த பச்சைத் திரை கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டு வந்து கட்டிலை மறைத்தது. அதோடு லில்லிபாயையும் மறைத்தது. “எனக்கு ஒன்னும் தெரியலையே, நான் எதப் பாத்து மார்க் போட?” என்று அவர் திரைக்கு அந்தப்புறம் புலம்பினார். குட்டு எப்படி வெளிப்பட்டது என்று ஹெப்சிபா படுத்தபடியே துப்புத் துலக்கினாள். முடித்த பிள்ளைகளைத் தனி அறையில் அடைத்துவைக்க ஏற்பாடு, ஜன்னல் சாத்தியாகிவிட்டது, செல்போன் பிடுங்கியாகிவிட்டது. ஆனால் அந்த அறைக்கும் காத்திருப்பவர்கள் அறைக்கும் பொதுவாக ஒரு பாத்ரூம் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. இந்தக் கல்லூரியில் ஒரு ரகசியம் நிற்க வேண்டுமென்றால் முதலில் பாத்ரூம்களை இடிக்க வேண்டும். ஒருத்தி வந்ததுமே பேரீச்சம்பழம் வேண்டுமா என்றாள், ஆபரேஷனுக்கு முன்னால். இன்னொருத்தி கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் கட்டிலைத் தொழுகைத் திசைக்குத் திருப்பப் பார்த்து, செய்யதம்மாளைச் சுவரோடு முட்டவிட்டாள். பிறகு ஷமீமா வந்தாள். அவளே மேலப்பாளையம். திரையை இழுத்தவள் முக்காட்டைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, இப்படியெல்லாம் யாரும் போட மாட்டோம்” என்று சொல்லி, துணியை நெற்றியில் படிய வைத்து, காதோரம் சுற்றிப் பதமாகச் சொருகிவிட்டாள். இதமாக இருந்தது. “இப்பச் சொல்லுங்க லாத்தா, நம்ம ஊர்ல நீங்க எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ள? மாப்பிள்ள வீடு எங்க?” ஹெப்சிபாவிடம் தெரு இல்லை, வீடு இல்லை, வாப்பாவின் பெயர் இல்லை. எழுதும்போது இதெல்லாம் தோன்றவே இல்லை. ஷமீமா பாவம் பார்த்து, தன் மாமி வீட்டுப் பித்தப்பைக் கதையையும், அந்த மாமியின் நாத்தனார் குடும்பத்தில் இப்போது பேச்சுவார்த்தை இல்லாத கதையையும், அது யாரிடமும் சொல்லக்கூடாத கதை என்பதையும் சொல்லி முடிக்கையில் மணி அடித்துவிட்டது. தங்கமான பிள்ளை. செவ்வாய்க்கிழமை இவள் கையைப் பிடித்துக்கொண்டால் பாதி வலி போய்விடும். மீதி வலி கதையாகி, புதன்கிழமை பஸ் ஸ்டாண்டுவரை போய்விடும்.

ஏனென்றால் வலி அல்ல ஹெப்சிபாவின் பயம். கத்தியும் அல்ல. அவளுக்குப் பயமெல்லாம் மயக்கம் தெளிகிற அந்தக் கொஞ்ச நேரம். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். மீசை முறுக்கின தாசில்தார் ஒருவர் கண்ணைத் திறக்காமலே பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்து, பாதியில் மறந்துபோய்த் தேம்பினார். வாய் திறந்து பேசாத ஒரு மருமகள், மாமியாருக்குத் தான் வைத்திருக்கும் பட்டப்பெயர்களை வரிசையாகச் சொன்னாள், மாமியார் விசிறிக்கொண்டிருக்கும்போதே. மூடி திறந்த பாத்திரம் மாதிரி மனுஷர்கள் அப்படியே இருப்பார்கள், உள்ளே என்ன கிடக்கிறதோ அது வெளியே. தனக்குள் என்ன கிடக்கிறது? பிரின்சிபாலுக்கு ‘குக்கர்’ என்று பெயர் வைத்திருப்பது கிடக்கிறது, புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டுத்தான் பேசுவார் என்பதால். அது வந்தால்கூடச் சமாளிக்கலாம். காவ்யஸ்ரீக்கு, ஜெனிஃபாவுக்கு, வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் பெயர் கிடக்கிறது. அதற்கும் அடியில் வேறொன்று கிடக்கிறது. நர்ஸ் பயப்படக் கூடாது, நர்ஸ் அழக் கூடாது என்று வருஷா வருஷம் முதல் நாள் வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்கிற ஹெப்சிபா மேடம், எனக்குப் பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று இந்தப் பிள்ளைகள் முன்னால் அழுதுவிட்டால்? அது பாத்ரூம் வழியாக மதியச் சாப்பாட்டுக்குள் கல்லூரி முழுக்கப் போய்விடும். அடுத்த ஜூன் மாதம் எந்த முகத்தோடு மேஜையைத் தட்டுவது? செல்வினிடம் சொன்னதற்கு, “நீ முழிச்சிருக்கும்போதே வாய்க்கு வந்தபடிதானே பேசுத, மயக்கத்துல ஒருவேள அமைதியா இருப்ப” என்றார். அந்த மனுஷருக்கு எல்லாமே வேடிக்கை. ரெக்ஸின் மெத்தை முதுகில் ஒட்டியது. மூக்கு மறுபடி அரித்தது. மதுரையில் உளறினால் மதுரையோடு போகும். மதுரைதான். முடிவாகிவிட்டது என்று நினைத்தபோது ஏனோ சந்தோஷம் வரவில்லை, சொந்த வீட்டில் பந்தி நடக்கும்போது ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிற மாதிரி இருந்தது.

மணி அடித்தது. கடைசி ஆள். யாரும் உள்ளே வரவில்லை. திரை போட்டது போட்டபடி நின்றது. அதற்கு வெளியே, திரையின் இரும்புக் காலை விரல் முட்டியால் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். “அம்மா, உள்ள வரலாமா?” ஆண் குரல். மாசானம். வகுப்பில் கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக உட்காருகிற பையன், கேள்வி கேட்டால் பதிலை மேஜையிடம் சொல்கிறவன். அவனுக்கு ஹெப்சிபா வைத்திருந்த பெயர் ‘ஊமைக்கோட்டான்’. “நான் ஆம்பள நர்ஸும்மா, பேரு மாசானம். உங்கள ஆபரேஷனுக்குத் தயார் பண்ணணும். தலைய அவுத்துப் பின்னுற வேலையும் இருக்கு. நான் செய்யட்டுமா, பொம்பள நர்ஸக் கூட்டிட்டு வரட்டுமா? எது உங்களுக்குத் தோது?” வேஷத்தில் எழுதியிருந்தபடி ஹெப்சிபா, “பொம்பளப் பிள்ளயக் கூப்பிடுங்க தம்பி” என்றாள். “சரிம்மா” என்றவன் திரும்பி, “அக்கா, ஸ்டாஃப் யாரையாவது வரச் சொல்லுங்க” என்றான். முப்புடாதி அக்காவின் குரல் கேட்டது: “நான் எங்கய்யா போவேன்? என்னய மணியடிக்க மட்டும்தான் சொல்லியிருக்காவ.” லில்லிபாய் சிரித்துவிட்டார். அந்த இடத்தில் எந்தப் பையனும் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பெண் நர்ஸ் வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்திருப்பான். இவன் வரவில்லை. “கொஞ்சம் நேரமாகும் போலும்மா. அவங்க வார வரைக்கும் நான் போயிரட்டுமா, இப்படியே வெளிய நின்னு பேசிக்கிட்டு இருக்கட்டுமா?” நில்லுங்க என்று சொன்னது செய்யதம்மாளா ஹெப்சிபாவா தெரியவில்லை. பச்சைத் துணிக்குக் கீழே அவனுடைய வெள்ளை ஷூ மட்டும் தெரிந்தது. ஒரு ஷூவில் கயிறு வேறு நிறம். முகம் தெரியாத குரல், ரயில் நிலையத்தில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுகிற மாதிரி ஒரு சுகம். “எதையாவது நெனைச்சுப் பயமா இருக்காம்மா?” என்று அந்தக் குரல் கேட்டது.

காலையிலிருந்து ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. ஹெப்சிபா அவசர அவசரமாகச் செய்யதம்மாளின் வேஷத்துக்குள் துழாவினாள். என்ன சாப்பிட மாட்டாள் என்று இருந்தது. எப்போது தொழுவாள் என்று இருந்தது. எதைச் செய்தால் கோபித்து எழுந்து போய்விடுவாள் என்று இருந்தது. எதற்குப் பயப்படுகிறாள் என்று இல்லை. அதை எழுதவே இல்லை. ஆட்டோ நிற்குமிடம்வரை ஓடினவள் அந்த அம்மாவிடம் அதைக் கேட்டதும் இல்லை. இந்த ஊமைக்கோட்டான் கேட்கிற கேள்விக்குப் பரீட்சை வைத்தவளிடமே விடை இல்லை. திரைக்கு அந்தப்புறம் ஷூ பொறுமையாக நின்றது. “மயக்கம் தெளியுற நேரத்துல” என்று ஒரு குரல் கிளம்பியது, அது ஹெப்சிபாவின் சொந்தக் குரல், “வாய்க்கு வந்தத எல்லாம் உளறி அழுதுருவேனோன்னு பயமா இருக்கு.” சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை, மின்விசிறி டக் டக் என்று சுற்றியது. அவன் சிரிக்கவில்லை. அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை. “எல்லாரும் பேசத்தாம்மா செய்வாங்க. ஒருத்தங்க அழுதுக்கிட்டே ஒரு பேரச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் பக்கத்துல நின்னேன். கையப் பிடிச்சுக்கிட்டேன், கொஞ்ச நேரத்துல சரியாயிட்டாங்க.” ஹெப்சிபாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. போன மாதம் கல்லூரித் தாளாளருக்கு இங்கேதான் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மயக்கத்தில் அவர் என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள ஆசிரியைகள் எல்லாரும் தலைகீழாக நின்று பார்த்தும் ஒரு சொல் வெளியே வரவில்லை. இவனா பக்கத்தில் நின்றவன்? “யாரு தம்பி அது? தாளாளரா?” என்று கேட்டேவிட்டாள். செய்யதம்மாளுக்குத் தாளாளரை எப்படித் தெரியும் என்பதெல்லாம் அப்போது ஞாபகமில்லை. “அத மட்டும் சொல்ல மாட்டேம்மா.” “என்ன பேரச் சொன்னாரு?” “அதையும்தாம்மா.” “சும்மா சொல்லுங்க, நான் யார்ட்ட சொல்லப்போறேன்.” “நீங்க யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கம்மா” என்றது குரல், மேஜையிடம் பேசுகிற அதே தணிந்த குரல். “ஆனா நாளைக்கு உங்களப் பத்தி யார் வந்து கேட்டாலும் நான் இதத்தான் சொல்லணும்ல.”

டிங். முப்புடாதி அக்கா திரையை ஓரமாகத் தள்ளினாள். லில்லிபாய் மார்க் தாளோடு வந்து, “நல்லாத்தான் பேசினான், ஆனா தலை பின்னவே இல்லையே மேடம், வேலை முடியலையே” என்றார். நியாயம்தான். பேச்சுக்கும் நடத்தைக்கும் உள்ள மார்க்கெல்லாம் அள்ளிக்கொடுத்துவிட்டு, பின்னலுக்கு ஹெப்சிபா தன் கையாலேயே முட்டை போட்டாள். பையன் தேறிவிடுவான், எல்லாப் பாடமும் சேர்த்து முதல் மார்க் காவ்யஸ்ரீக்குத்தான் போகும், அது அவள் பாடு. பயம் என்ன என்று கேட்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அடுத்த வருஷம் சேர்க்க வேண்டும், செய்யதம்மாளுக்கு ஒரு தெருவும் கொடுக்க வேண்டும், அதை ஷமீமாவிடம் கேட்டுக்கொள்ளலாம். மாசானம் கதவுப்பக்கம் தயங்கி நின்றான். “பொம்பள நர்ஸ் வரல மேடம், அதான் பின்னல. மார்க் போயிரும்லா?” “போயிட்டுது” என்றாள் ஹெப்சிபா. “உனக்கு ரெட்டைச் சடை பின்னத் தெரியுமாலே?” “ரெண்டு தங்கச்சி மேடம். பள்ளிக்கூடத்துக்கு நான்தான் பின்னிவிடுவேன்.” ஹெப்சிபா எழுந்து உட்கார்ந்து, முக்காட்டை எடுத்து மடித்தாள். பிறகு ஆசை தீர மூக்கைச் சொறிந்தாள். அப்பாடா என்றிருந்தது. காயம் பார்க்கிற வேலையைப் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். ஊசியை நிஜமாகவே போடச் சொல்லி காவ்யஸ்ரீயையும் நிறுத்தலாம். “செவ்வாய்க்கிழமை காலைல உன் டூட்டிய நம்ம ஆஸ்பத்திரிக்கு மாத்தி வாங்கிக்கோ. மொதல்ல தலை பின்னணும். அப்புறம் மயக்கம் தெளியுற வரைக்கும் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கணும்.”

“யாருக்கு மேடம்?”

“அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

மாசானம் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுடைய கலைந்த தலைமுடியைப் பார்த்தான். முதல் தடவையாக மேஜையிடம் பேசாமல் அவளிடமே பேசினான்.

“சரிம்மா” என்றான்.